கோரிப்பாளையத்தில் லைட் ரயில் நிலையம் வந்தால் தெரு எப்படி இருக்கும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: மதுரை மெட்ரோ அறிக்கையை மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது, அதற்குப் பதில் லைட் ரயிலாவது வரட்டும் என்ற பேச்சு அடிபடுகிறது, வந்தால் கோரிப்பாளையத்தில் நிலையம் எப்படி அமையும், சுற்றியிருக்கும் கடை, வீடு, ஆஸ்பத்திரி எல்லாம் என்ன ஆகும்? இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ரயில் வருமா என்பது முதலாவது; அதற்கு சென்னையும் டெல்லியும்தான் பதில் சொல்ல வேண்டும். வந்தால் தெரு என்ன ஆகும் என்ற இரண்டாவது கேள்விக்குப் பெரும்பகுதி அளவுநாடாவை வைத்தே பதில் சொல்லிவிடலாம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பின்னணி. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கி.மீ. நீளத்துக்குத் தீட்டப்பட்ட மெட்ரோவில், கோரிப்பாளையம் நிலத்தடி நிலையமாகக் காட்டப்பட்டிருந்தது. 2017-இன் மெட்ரோ கொள்கை 20 லட்சம் மக்கள்தொகையை அளவுகோலாக வைக்கிறது. 2011 கணக்கெடுப்பில் மதுரை நகரத் தொகுதி 14.65 லட்சம். இதைச் சொல்லித்தான் 2025 நவம்பரில் கோவை, மதுரை இரண்டின் அறிக்கைகளும் திரும்பி வந்தன. மெட்ரோலைட், அதாவது இந்த லைட் ரயில், வேறு கணக்கு. ஒரு திசையில், நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தில், 15,000 பேர் வரை பயணிக்கும் தடங்களுக்காக 2019-இல் மத்திய அரசு அதற்குத் தனி விதிமுறை வெளியிட்டது. மூன்று பெட்டி, ஏறத்தாழ 300 பேர், வேகம் 60 கி.மீ.க்குள், முடிந்தவரை தரையிலேயே வேலி போட்ட தனிப்பாதை. இந்தியாவில் இந்த விதிமுறைப்படி இதுவரை ஒரு தடம்கூட ஓடவில்லை. ஆகவே "அங்கே பார், இங்கே பார்" என்று காட்ட நம்மூர் உதாரணம் கிடையாது. சென்னையில் 1953 வரை டிராம் ஓடியது, கொல்கத்தாவில் அதன் மிச்சம் இருக்கிறது. இரண்டும் வேறு காலத்துத் தெருக்களுக்குச் செய்தவை.

மெட்ரோ நிலையம் என்றதும் நமக்குக் கண்ணாடிக் கட்டடம், தானியங்கிக் கதவு, நகரும் படிக்கட்டு ஞாபகம் வரும். லைட் ரயிலில் அதெல்லாம் இல்லை. ஒரு கூரை, ஓர் உயர்ந்த நடைமேடை, இரு முனையிலும் சாய்தளம், வரும் வண்டியைக் காட்டும் பலகை, அவ்வளவுதான். டிக்கெட்டை வண்டிக்குள் பதிய வேண்டும், பரிசோதகர் வந்து பார்ப்பார். தாழ்தள வண்டி என்றால் நடைமேடை தண்டவாளத்திலிருந்து 300 முதல் 350 மி.மீ. உயரம் இருந்தால் போதும். 12-க்கு 1 சாய்வில் 350 மி.மீ. ஏற 4.2 மீட்டர் நீளம் போதும். மெட்ரோ நடைமேடை ஒரு மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் அதே சாய்வுக்கு 13 மீட்டர் ஆகும். சக்கர நாற்காலியில் பெரியாஸ்பத்திரிக்கு (பனகல் சாலையில் உள்ள அரசு ராஜாஜி மருத்துவமனை) போகிறவருக்கு இது பெரிய சௌகரியம். லிஃப்ட் பழுதாகிக் கிடக்கும் தொல்லையே இல்லை.

இனி அகலம். இரட்டைத் தண்டவாளத்துக்கும் இருபக்க வேலிக்கும் 8 மீட்டர். எதிரெதிரே இரண்டு நடைமேடைகள், தலா 3 மீட்டர். இருபுறமும் இரண்டிரண்டு தடம் வாகனப் பாதை, தடத்துக்கு 3.25 மீட்டர் வீதம் 13 மீட்டர். கடைத்தெருவில் நடைபாதை 2.5 மீட்டருக்குக் குறையக்கூடாது, அது இருபக்கமும் 5. கூட்டினால் 32 மீட்டர், அதாவது 105 அடி. நடைமேடைகளை எதிரெதிரே வைக்காமல் முன்னும் பின்னுமாகத் தள்ளி வைத்தால் எந்த இடத்திலும் ஒன்றுதான் குறுக்கே வரும். 29 மீட்டர் போதும். வாகனப் பாதையை ஒவ்வொரு பக்கமும் 5 மீட்டராகக் குறைத்தால், நின்ற ஆட்டோவைத் தாண்டி ஒரு பஸ் போகும் அளவுக்கு இடம் விட்டு, 26 மீட்டரில் அடக்கலாம். அதற்குக் கீழே போனால் பலியாவது எப்போதும் நடைபாதைதான், வரைபடத்தில் 2.5 என்று இருப்பது கட்டி முடிக்கும்போது 1.2 ஆகி, அதிலும் ஒரு மின்பெட்டி நிற்கும். உங்கள் கடைக்கு எதிரே காலை 6 மணிக்கு, வண்டிகள் குறைந்த நேரத்தில், சுவரிலிருந்து சுவர்வரை அளந்து பாருங்கள். அந்த ஒரு எண்ணே பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடும்.

கோரிப்பாளையத்தில் அகலத்தைவிடப் பெரிய சிக்கல் சந்திப்பு. தெற்கே வைகையைக் கடக்கும் ஏ.வி. பாலம், வடக்கே அழகர்கோவில் சாலை, பனகல் சாலை, செல்லூர் பக்கம் என்று எல்லாத் திசையிலிருந்தும் வண்டிகள் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. 3 நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் ஒரு திசையில் மணிக்கு 20, இரு திசையும் சேர்த்து 40. ஒரு ரயில் சந்திப்பைக் கடந்து இடம் காலியாக ஏறக்குறைய 30 விநாடி ஆகும் என்று வைத்தால், ஒரு மணி நேரத்தில் 20 நிமிடம் குறுக்குச் சாலை நிற்க வேண்டும். இரு ரயில்களும் ஒரே சமயத்தில் கடந்தால் குறையும், ஆனால் அது எப்போதும் வாய்க்காது. பனகல் சாலைக்குள் திரும்பும் ஆம்புலன்ஸை நினைத்துக்கொண்டால் இந்த 20 நிமிடத்தின் கனம் புரியும். கோரிப்பாளையம் மேம்பாலம் மேலே போகிற வண்டிகளை எடுத்துக்கொள்ளும், உண்மை. ஆனால் மேம்பாலத் தூண்கள் சாலையின் நடுவில் நிற்கும், தண்டவாளமும் நடுவைத்தான் கேட்கும். மேம்பாலத்துக்கும் மேலே போகலாம் என்றால் தண்டவாளம் தரையிலிருந்து 14, 15 மீட்டர் உயரத்துக்குப் போய்விடும். அப்போது நான் மேலே சொன்ன 350 மி.மீ. சௌகரியம் மொத்தமும் போய், லிஃப்டும் நகரும் படிக்கட்டும் கொண்ட மெட்ரோ நிலையமாகவே அது மாறும்.

நிலையம் சந்திப்புக்கு முன்னா பின்னா என்பதும் முக்கியம். ரயில் சிக்னலைக் கடந்த பிறகு நிற்பதுபோல் நடைமேடை அமைந்தால், ரயில் வரும் நேரத்தைச் சிக்னல் முன்கூட்டியே சரியாகக் கணிக்கும். சிக்னலுக்கு முன்னே நடைமேடை என்றால், ஒரு பாட்டி மூட்டையோடு ஏற 15 விநாடி கூடுதலாக எடுத்ததும் ரயிலுக்காகப் பிடித்து வைத்த பச்சை வீணாகிவிடும். அந்த விதிப்படி தெற்கே போகும் ரயிலின் நடைமேடை பாலத்துப் பக்கம் வர வேண்டும். அங்கேதான் பாலத்துக்கு ஏறும் சரிவு இருக்கிறது. நடைமேடையோ ஏறக்குறைய மட்டமாக இருக்க வேண்டும். போதாததற்கு அந்தப் பக்கம் வைகை. நிலையத்தைச் சுற்றி 500 மீட்டர் வட்டம் போட்டு அதில் எத்தனை பேர் வசிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள் என்று கணக்கிடுவது வழக்கம். ஆற்றங்கரையில் நிலையம் வைத்தால் அந்த வட்டத்தின் பெரும்பங்கு மணலிலும் கருவேலங்காட்டிலும் விழும்.

ஆகவே என் தீர்ப்பு: தரையில் ஓடும் லைட் ரயிலுக்குக் கோரிப்பாளையம் சந்திப்பில் நிலையம் சரிவராது. மேம்பாலம் இறங்கி முடிகிற இடத்துக்கு வடக்கே, தல்லாகுளம் பக்கம் தள்ளினால் தரையில் வைக்கலாம். அமெரிக்கன் கல்லூரி, காந்தி அருங்காட்சியகம், தமுக்கம் மைதானம் எல்லாம் நடக்கும் தூரத்தில் வரும். விலை என்ன? ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் கூடுதலாகச் சில நூறு மீட்டர் நடக்க வேண்டும். அவர்களுக்காக நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு 5 நிமிடத்துக்கு ஒரு சிறுபேருந்து ஓட்டுவது, நிலத்தைக் குடைந்து ஒரு நிலையம் கட்டுவதைவிட எத்தனையோ மடங்கு மலிவு. மற்றவர்கள் இதற்கு மாறாகச் சொல்லலாம். இது அளவுகளிலிருந்து நான் எடுக்கும் முடிவு. மண் பரிசோதனையும் போக்குவரத்து எண்ணிக்கையும் வந்த பிறகு மாறக்கூடியது.

300 பேர் வண்டி 3 நிமிடத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு 6,000 பேர்தான். 2 நிமிடத்துக்கு ஒன்று விட்டாலும் 9,000. விதிமுறை சொல்லும் 15,000-ஐத் தொட இரண்டு வண்டிகளைச் சேர்த்து ஓட்ட வேண்டும், அதற்கு இரட்டிப்பு நீள நடைமேடை வேண்டும். முதல் நாளே 40 மீட்டரில் கட்டிவிட்டு, இருமுனையிலும் சந்துகளுக்குத் திறப்பு வைத்துவிட்டால் பிறகு நீட்ட வழியே இருக்காது. 80 மீட்டருக்கு இடம் ஒதுக்கி 40 மட்டும் கட்டுவதே புத்திசாலித்தனம்.

உங்கள் பகுதிக்கு உடனடியாகக் கஷ்டம் தரப்போவது ரயில் ஓடும் காலம் அல்ல, தோண்டும் காலம். தண்டவாளத்துக்கு அடியில் மேன்ஹோல் இருக்கக்கூடாது; குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மின்கேபிள், தொலைபேசிக் கேபிள் எல்லாவற்றையும் ஓரத்துக்கு மாற்ற வேண்டும். பழைய நகரங்களில் எது எங்கே போகிறது என்ற வரைபடமும் மண்ணுக்கடியில் இருப்பதும் ஒத்துப்போவது அபூர்வம். எடின்பரோ நகர டிராம் திட்டம் 2011-இல் ஓட வேண்டியது, 2014-இல்தான் ஓடியது; செலவு 77.6 கோடி பவுண்டுக்குப் போனது. குழாய், கேபிள் மாற்றுவதில் வந்த இழுபறி அதற்கு ஒரு முக்கியக் காரணம். சரியான முறை என்னவென்றால், 20 முதல் 30 மீட்டருக்கு ஒரு சோதனைக் குழி, 1.5 மீட்டர் ஆழம் கையால் தோண்டி, கண்ணால் பார்த்து, பிறகுதான் ஒப்பந்தப்புள்ளி. குழி தோண்டாமல் டெண்டர் விட்டால் உங்கள் கடை வாசலில் தகரத் தடுப்பு இரண்டு மடங்கு காலம் நிற்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. இந்த ரயில்கள் பெரும்பாலும் 750 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடும், திரும்பும் மின்சாரம் தண்டவாளம் வழியே போகும். தண்டவாளத்துக்கும் மண்ணுக்கும் இடையே ரப்பர் உறை சரியில்லை என்றால் மின்சாரம் மண்ணுக்குள் கசிந்து, பக்கத்தில் இருக்கும் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு போகும். அது குழாயை விட்டு வெளியேறும் இடத்தில் இரும்பு அரித்துத் துளை விழும். சில வருடங்கள் கழித்துக் குடிநீரில் சாக்கடை வாசம் வரும்போது யாரும் ரயிலைச் சந்தேகிக்கமாட்டார்கள். தண்டவாளத்தை ஒட்டிய குழாய்களை உலோகம் அல்லாததாக மாற்றுவதும், கசிவை அளக்கும் முனைகள் வைப்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

மழைநீர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் இருந்தால் முதலில் அதைத்தான் கேட்பேன். 2024 அக்டோபர் மழையில் செல்லூர், நரிமேடு பக்கம் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். செல்லூர்க் கண்மாய்த் தண்ணீரும் பந்தல்குடி வாய்க்காலும் வைகைக்குப் போகும் வழியில்தான் இந்தப் பகுதி இருக்கிறது. சாலையின் நடுவே 15, 20 செ.மீ. உயர்த்திக் கான்கிரீட் படுகை போட்டு, இருபுறமும் வேலியின் அடிக்கட்டையையும் கட்டினால், அது தெரு நீளத்துக்கும் ஒரு வரப்பு. ஒரு பக்கத்து மழைநீர் மறுபக்கம் போக முடியாமல் கடைக்குள் வரும். இதைத் தவிர்க்கப் படுகைக்கு அடியில் குறுக்குக் குழாய்கள் வேண்டும். குப்பை அடைக்காதபடி குறைந்தது 600 மி.மீ. விட்டமாவது இருக்க வேண்டும், இருமுனையிலும் தூர்வாரத் திறப்பு இருக்க வேண்டும். 300 மி.மீ. குழாய் போட்டால் முதல் வருடமே பிளாஸ்டிக் பை அடைத்துவிடும்.

வேலியும் தெருவைப் பிரிக்கும். எதிர்ச்சாரிக் கடைக்கு வர 600 மீட்டர் சுற்ற வேண்டும் என்றால் வாடிக்கையாளர் வரமாட்டார். இளவட்டங்கள் வேலியை அறுப்பார்கள். 150 முதல் 200 மீட்டருக்கு ஒரு கடவுப்பாதை கட்டாயம். நேராக இல்லாமல் நடுவில் ஒரு மடிப்பு வைத்து, கடப்பவர் முகம் ரயில் வரும் திசையைப் பார்க்கும்படி அமைப்பார்கள். ஏனென்றால் 40 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் சாதாரண பிரேக்கில் நிற்க 50 மீட்டர் ஆகும். அவசர பிரேக்கில் 25 மீட்டர், அதோடு ஓட்டுநர் சுதாரிக்கும் தூரமும் சேரும். இருசக்கர வாகனக்காரர்களுக்கு ஒன்று: சாலையோடு பதித்த தண்டவாளத்தின் ஓரப் பள்ளம் 4 செ.மீ. அளவில் இருக்கும். சாய்வாகக் கடந்தால் சைக்கிள் சக்கரம் அதில் இறங்கிவிடும், ஸ்கூட்டர் மழையில் வழுக்கும். நேர்க்குறுக்காகத்தான் கடக்க வேண்டும், சந்திப்பின் வளைவு அதற்கு இடம் கொடுக்கும்படி வரையப்பட வேண்டும்.

சித்திரைத் திருவிழாவை விட்டுவிட்டு அழகர்கோவில் சாலையில் எதையும் திட்டமிட முடியாது. மக்கள் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையன்று மூன்றுமாவடி, புதூர் வழியாக அவர் வருகிற பாதையும் ரயில் கேட்கிற பாதையும் தல்லாகுளம் பக்கம் ஒன்றாகிவிடும். மேல்நிலைக் கம்பி சாலையில் சுமார் 5.5 மீட்டர் உயரத்தில் ஓடும். பல்லக்கு அதற்குக் கீழே போய்விடும், ஆனால் மண்டகப்படிப் பந்தல்கள் இருக்கின்றன, கொடிக்கம்புகள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் பீய்ச்சும் பக்தர்கள் இருக்கிறார்கள். மின்சாரம் ஓடும் கம்பியின் கீழ் இதற்கு இடமே இல்லை. ரயிலை நிறுத்தினால் மட்டும் போதாது, அந்தத் துண்டுக் கம்பியின் மின்சாரத்தைத் துண்டித்து மண்ணோடு இணைக்க வேண்டும். அப்படிச் செய்ய கம்பியைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் அமைப்பும், ரயில் திரும்பி ஓடத் தடம் மாறும் இடமும் தல்லாகுளத்துக்கு வடக்கே ஒன்று, ஆற்றுக்குத் தெற்கே ஒன்று என்று முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். வேலித் தகடுகளும் கழற்றி மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும். லட்சக்கணக்கான கூட்டத்துக்கு நடுவே நிலையான வேலி என்பது நெரிசலில் உயிர்ப்பலிக்கு வழி. பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் தண்டவாளத்தையே உடைக்க வேண்டியிருக்கும். பேட்டரியில் சில கி.மீ. கம்பி இல்லாமல் ஓடும் வண்டிகள் இப்போது உண்டு. விலை கூடுதல், ஆனால் தல்லாகுளத்துக்கும் ஆற்றுக்கும் இடையில் அதற்கு நியாயம் இருக்கிறது.

ரயிலில் கூட்டம் வருமா? 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் வரும் பெண்கள் இலவச பஸ்ஸை விட்டுக் காசு கொடுத்து ரயிலில் ஏறுவார்களா என்பதை எந்தக் கணிப்பும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லாத கணிப்பை நம்பாதீர்கள். இதோடு, நிலையத்துக்கு வந்து சேரும் கடைசி 500 மீட்டர். சாதாரண நடையில் 6, 7 நிமிடம். மே மாத மதியம் 40 டிகிரியில் நிழல் இல்லாமல் யாரும் நடக்கமாட்டார்கள், ஷேர் ஆட்டோவைத்தான் பிடிப்பார்கள். ஆட்டோக்களுக்கு இடம் கொடுக்காவிட்டால் அவை நிலைய வாசலிலேயே நிற்கும். பத்து ஆட்டோ வரிசைக்கு 30 மீட்டர் போதும். அதை நடைமேடை முனையிலிருந்து 40 மீட்டராவது தள்ளி, சந்திப்பின் வாயில் இல்லாமல் ஒதுக்க வேண்டும். வண்டி நிறுத்துமிடம் இங்கே கேட்காதீர்கள். 100 பைக்குகளுக்கு 300 சதுர மீட்டர் ஆகும். அது ஒத்தக்கடைக்கும் திருமங்கலத்துக்கும் பொருந்தும் கோரிக்கை.

நிலமதிப்பு ஏறுமா என்பதற்கு யாரும் உறுதி சொல்ல முடியாது. தோண்டும் காலத்தில் வாடகை இறங்கும் என்பது மட்டும் ஏறக்குறைய நிச்சயம். நிலம் எடுப்பதில் பலர் ஏமாறுவது ஒரே இடத்தில்: கடையின் படிக்கட்டும் முன்கூரையும் பெரும்பாலும் சாலைப் புறம்போக்கில் இருக்கும், அந்த நிலத்துக்கு இழப்பீடு கிடைக்காது. நகர அளவைப் பதிவேட்டு நகலும் புல வரைபடமும் வாங்கி, உங்கள் சுவர் உண்மையில் எங்கே முடிகிறது என்று இப்போதே அளந்துவிடுங்கள். வேலை தொடங்கும் முன் சுவர் விரிசல்கள் ஒவ்வொன்றையும் அளவுகோல் பக்கத்தில் வைத்து, தேதியோடு படம் எடுங்கள். ஒப்பந்ததாரர் எடுக்கும் கட்டட ஆய்வில் நீங்களும் கையெழுத்திட்டு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வந்த விரிசலா, முன்பே இருந்ததா என்ற வழக்கில் அதுதான் சாட்சி.

திட்டம் உண்மையிலேயே உயிர் பெற்றுப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு வந்தால், வண்ணப் படங்களைப் பார்த்து நேரத்தைப் போக்க வேண்டாம். உங்கள் கடைக்கு நேரே உள்ள குறுக்குவெட்டுப் படத்தைக் கேளுங்கள். அதில் நடைபாதையின் அகலம், வேலித் திறப்பு எத்தனை மீட்டரில் இருக்கிறது, குறுக்கு வடிகால் குழாயின் விட்டம், தண்டவாள மேல்மட்டம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று நான்கு எண்கள் இருக்கும். கடைசி எண்ணை உங்கள் வாசல்படியின் மட்டத்தோடு ஒப்பிட ஒரு சர்வேயரை அரை நாள் கூப்பிட்டால் போதும். தண்டவாளம் வாசல்படியைவிட உயரமாக இருந்தால் ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கிவிடுங்கள்.